கும்பநாடு: பரதேசிகளின் சொந்த ஊர்

கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டத்தில், திருவல்லாவிலிருந்து கோழஞ்சேரிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள கும்பநாடு, ரப்பர் மரங்களுக்கும் மரவள்ளிக் கொல்லைகளுக்கும் இடையே கிடக்கும் சிற்றூரே எனினும், தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே வரலாற்றில் அது ஒரு தலைநகரின் இடத்தைப் பெற்றிருக்கிறது. பரிசுத்த ஆவியின் அபிஷேகமும், கற்றறியாத மொழியில் பேசுதலாகிய அந்நிய பாஷையும், ஜெபத்தால் நோய் தீர்தலும் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிடவில்லை என்று நம்பும் கிறித்தவர்களே பெந்தெகொஸ்தேயினர். அவர்களுள் ஒரு பெரும் பிரிவான இந்தியப் பெந்தெகொஸ்தே தேவசபையின் தலைமையகம் இவ்வூரின் எபிரோன்புரத்தில் உள்ளது.

இந்த நம்பிக்கை இங்கு வேர்பிடித்ததற்கான காரணத்தை அமெரிக்காவில் மட்டும் தேடுவது பொருந்தாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் 1906இல் தோன்றிய எழுப்புதல் என்னும் சமய எழுச்சியே உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமென்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1860இல், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கிறிஸ்டியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நடத்திய கூட்டங்களில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் தோன்றியிருந்தன. 1873ஐ ஒட்டித் திருவிதாங்கூரில் பரவிய எழுப்புதலில் அவ்வழி வந்த தமிழ்ப் பிரசங்கியாருக்குப் பங்குண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரான ஜஸ்டஸ் ஜோசப் அந்த எழுப்புதலின் வேகத்தில் 1881இல் கிறிஸ்து திரும்பி வருவாரென்று அறிவித்ததும், அக்கணிப்பு பொய்த்தபின்னும் அவர் இயற்றிய மலையாளப் பாடல்கள் சபை வேறுபாடின்றி நிலைத்துவிட்டதும், இப்பகுதியின் சமய வரலாற்றில் பாடலுக்கு இருக்கும் வலிமையைக் காட்டுகின்றன. கும்பநாட்டிற்கு அருகே, பம்பை ஆற்று மணலில், மார்த்தோமா சபையின் மாராமண் கூட்டம் 1895 முதல் நடந்துவருகிறது. ஆகவே, பந்தலிட்டுப் பல நாள் பிரசங்கம் கேட்பது இவ்வூர் மக்களுக்குப் புதிய பழக்கமன்று.

சிரியன் யாக்கோபியக் குடும்பத்தில் 1899இல் பிறந்த கே. ஈ. ஆபிரகாம், 1923இல் ஆவியின் அபிஷேகம் பெற்றதாகக் கூறி இயக்கத்தில் சேர்ந்தவர். அவர் நிறுவிய இந்தியப் பெந்தெகொஸ்தே தேவசபை 1924ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. அமெரிக்க மிஷனரி ராபர்ட் குக்குடன் சில ஆண்டுகள் இணைந்து பணியாற்றியபின், உள்ளூர்ச் சபைகளின் சொத்தும் நிர்வாகமும் அயலார் கையில் இருத்தலாகாது என்ற கொள்கையால் 1930இல் அவர் பிரிந்தார். பின்னர் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனை வழிநடத்திய மலையாளியான ராமன்குட்டி பாலோடு சிறிது காலம் சேர்ந்திருந்து, அவரிடமிருந்தும் விலகினார். இப்பிரிவுகளை வெறும் ஆள்சண்டையாகக் கொள்வோர் உண்டு. ஆனால் தன் கூரைக்குத் தானே ஓலை வாங்கும் சபை தன் போதகரையும் தானே தேர்ந்துகொள்ள விரும்பியது என்று கொள்வதே பொருத்தம்.

அக்காலச் சபை வாழ்வை விளக்கும் சொல் 'வேர்பாடு' என்பதாகும். 'பிரிந்து நிற்றல்' என்று பொருள்படும் இந்த மலையாளச் சொல், பழைய சபையிலிருந்தும் உலக ஆடம்பரத்திலிருந்தும் விலகுவதைக் குறித்தது. சிரியன் கிறித்தவ மணப்பெண்ணின் கழுத்தில் கட்டப்படும் 'மின்னு' என்னும் சிறு பொன் தாலியையும் பெந்தெகொஸ்தேயினர் விலக்கியதால், வெறும் கழுத்தும் வெள்ளைச் சேலையுமே அவர்களுடைய பெண்களை ஊருக்கு அடையாளம் காட்டின. ஓலைக் கூரையின்கீழ்ப் பாயில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர, தப்பின் தாளத்தோடும் கைத்தட்டலோடும் பாட்டு எழும்; பின்னர் சாட்சி, அதாவது எழுத்தறியாத கிழவியும் எழுந்து தன் வாழ்வில் கடவுள் செய்ததைச் சொல்லும் நேரம், பிரசங்கத்திற்கு இணையான மதிப்போடு நிகழும். ஆவியின் அபிஷேகத்தை நாடி நள்ளிரவு தாண்டியும் முழந்தாளிட்டிருக்கும் காத்திருப்புக் கூட்டங்களில் பெரியவர்களின் அழுகையும் ஸ்தோத்திர ஒலியும் உயர, அருகே பாயில் குழந்தைகள் உறங்கிக் கிடப்பர். அந்திக்கு வீட்டு ஜெபத்தில் ஆளுக்கொரு வேதவசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டியிருந்தது. மிகச் சிறிய வசனத்தைத் தேடிப் பிடிக்கும் சாமர்த்தியமும் பிள்ளைகளிடையே இருந்தது. ஞானஸ்நானம் ஆற்றில் முழுக்காக அளிக்கப்பட்டது. மருந்துண்பது விசுவாசக் குறைவெனக் கருதப்பட்டதால் நோயாளிக்கு ஜெபமே மருந்தாக இருந்தது. பெரும்பாலும் இனிமையாகவே நினைவுகூரப்படும் அவ்வாழ்வில், பிழைத்திருக்கக்கூடிய உயிர்களும் போயிருக்கும் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

சாதியும் பாய்க்கு வெளியே நின்றுவிடவில்லை. கும்பநாட்டை அடுத்த இரவிபேரூரில் 1879இல் பிறந்த தலித் தலைவர் பொய்கையில் யோகன்னான், மார்த்தோமா சபையிலும் பிரதரன் சபையிலும் சமத்துவம் காணாது, 1909இல் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையைத் தனியே நிறுவினார். பின்னர் வந்த பெந்தெகொஸ்தே இயக்கம் தலித்துகளைப் பெருமளவில் ஈர்த்தபோதும், தலைமை பெரும்பாலும் உயர்சாதியாகக் கருதப்பட்ட சிரியன் கிறித்தவப் பின்னணியினர் கையிலேயே இருந்தது.

விசுவாசிகள் தம்மைப் 'பரதேசி' என்று அழைத்துக்கொண்டனர். தமிழில் இன்று வசைச்சொல்லாகிவிட்ட இச்சொல், வேதாகம வழக்கில் பரலோகத்தைத் தாயகமாகக் கொண்டு பூமியில் தங்கிச் செல்லும் வழிப்போக்கரைக் குறிக்கும். ஜெர்மானிய மிஷனரி வி. நாகல் மலையாளத்தில் இயற்றிய 'சமயமாம் ரதத்தில்' என்னும் பாடல் முதலாகப் பல பாடல்கள் இப்பயணத்தைப் பொருளாகக் கொண்டவை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 1965இல் தளர்ந்ததும், 1970களில் வளைகுடா எண்ணெய்ப் பணம் பெருகியதும், வழிப்போக்கு உண்மையாகவே தொடங்கியது. முதலில் புறப்பட்டவர்களில் செவிலியர் பலர். மருந்தை மறுத்த தலைமுறையின் பேத்திகள் ஊசியும் மாத்திரையும் கையாண்டு ஈட்டிய பணத்தில் ஓலைக் கூரைகள் கான்கிரீட்டாயின. 2001க்கும் 2011க்கும் இடையே பத்தனம்திட்டா மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்தது. கும்பநாட்டிலோ பூட்டிய மாளிகைகளும், அவற்றைக் காத்துக்கொண்டு தனித்திருக்கும் முதியோரும், முதியோர் இல்லங்களும் பெருகின.

ஜனவரியில் கன்வென்ஷன் எனப்படும் நற்செய்திப் பெருங்கூட்டம் கூடும் வாரத்தில் மட்டும் அவ்வீடுகளிற் சில திறக்கப்படுகின்றன. தப்பு இருந்த இடத்தில் கீபோர்டும் டிரம்ஸும் ஒலிக்கின்றன. பாயிருந்த இடத்தில் நாற்காலிகள் நிற்கின்றன. பாடல்கள் மட்டும் பெரும்பாலும் பழையவையே. கடல் கடந்த மலையாளச் சபைகளில் அவை ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டும் திரையில் காட்டப்பட்டும் பாடப்படுகின்றன, மலையாளம் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பாடும்பொருட்டு.