"நல்ல டாக்டர் யாராவது தெரியுமா, டீச்சர்?"



பெற்றோர் நம்மிடம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள் என்று எவரேனும் எண்ணினால், அவர் தமிழ்ப்பள்ளியில் ஒரு தவணைகூடப் பணியாற்றியதில்லை என்று பொருள். தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிட வரும் தாய், கையொப்பமிட்ட பின்னரும் எழுந்து போகாமல் தயங்குவார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு நல்ல டாக்டர் யாராவது தெரியுமா, டீச்சர்?" என்று கேட்பார். முழங்கால் வலிக்காகக் கேட்பார். கண் பார்வைக்காகக் கேட்பார். பெரும்பாலும் இனிப்பு நீருக்காகவே கேட்பார்.

கேட்பதில் தவறேதுமில்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவம் கிடைக்கிறது. ஆயினும், போகும்போதெல்லாம் அதே மருத்துவரைப் பார்க்க இயலும் என்பதில்லை. மலாய்மொழி நன்றாகப் பேசுகிறவருக்கும், கால் 'மதமதப்பாக' இருக்கிறது, வயிறு 'புரட்டுகிறது' என்பதை அம்மொழியில் சொல்லத் தெரிவதில்லை. தனியார் மருத்துவமனைக்குப் போனால் எவ்வளவு செலவாகும் என்ற அச்சம் வேறு. இந்நிலையில், ஏற்கெனவே அந்த வழியில் நடந்தவரிடம் வழி கேட்பது மனித இயல்புதானே?

அதிலும் நம் சமூகத்தில் இக்கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் கூடுதல். எனவே நம் ஆசிரியர் அறையிலும் திருமண மண்டபத்திலும் கோயில் அன்னதான வரிசையிலும் இதற்குப் பதில் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. நானும் பதில் சொன்னவள்தான். அப்படிச் சொன்ன ஒரு பதிலைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர், ஓய்வு நேரத்தில் என் அருகில் வந்து அமர்ந்தார். அவருடைய பேரன் அப்போது என் வகுப்பு மாணவன். இனிப்பு நீர் மாத்திரை சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது, சமையல் வேலையில் அது பெருந்தொல்லையாக இருக்கிறது என்றார். மாத்திரையைக் காட்டினார். மெட்ஃபார்மின். என் அம்மா சாப்பிடும் அதே மாத்திரை.

"எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் அக்கா இருந்துச்சு. கொஞ்ச நாள் நிறுத்தி வைச்சாங்க. அப்புறம் சரியாயிடுச்சு" என்றேன்.

நான் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அம்மாவுக்கு அந்த வாரம் வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டிருந்தன. உடலில் நீர் வற்றும் நிலையில் அந்த மாத்திரை வேண்டாம் என்று மருத்துவரே நிறுத்தச் சொன்னார். நிறுத்தியது மூன்றே நாள். பிறகு, உணவுக்குப் பின் சாப்பிடுமாறும், குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துமாறும் அவரே சொல்லிக் கொடுத்தார். இவை அனைத்தும் என் வாயில் "கொஞ்ச நாள்" என்று சுருங்கிவிட்டன. கேட்டவருக்கோ அந்தக் "கொஞ்ச நாள்" ஐந்து மாதமாக நீண்டது. இடையில் எவரோ சொன்னார் என்று காலையில் பாகற்காய்ச் சாறு மட்டும் குடித்து வந்திருக்கிறார்.

பள்ளி விடுமுறை முடிந்து திரும்பியபோது அக்கா வேலைக்கு வரவில்லை. மருத்துவமனையில் இருப்பதாகப் பேரன் சொன்னான். போய்ப் பார்த்தேன். புதுச் செருப்பு உரசிக் காலில் புண்ணாகியிருக்கிறது. மரத்துப்போன கால் என்பதால் வலி தெரியவில்லை. வலி தெரியாததால் புண்ணைப் பார்க்கவுமில்லை. சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்த பின்னரே மகன் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். வலது காலின் சிறுவிரலை அகற்றிவிட்டார்கள்.

என்னைப் பார்த்ததும் அக்கா சிரித்தார். "மாத்திரையை நிறுத்தினதும் வயிறு நல்லா ஆயிடுச்சு, டீச்சர். நீங்க சொன்னது சரியாத்தான் இருந்துச்சு" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நன்றியோடு சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கால் நரம்புகள் பல ஆண்டுகளாகவே பழுதடைந்து வந்திருக்க வேண்டும், ஐந்து மாதத்தில் வந்ததன்று என்று மருத்துவர் அவர் மகனிடம் விளக்கியிருக்கிறார். அது உண்மையே. ஆயினும் சர்க்கரை உயர்ந்து நிற்கும்போது புண் எளிதில் ஆறாது என்பதும் உண்மையே. அந்த ஐந்து மாதத்தில் என் சொல்லுக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்ல இயலவில்லை. நான் ஆசிரியர். நம் பெற்றோர் பலருக்கு ஆசிரியர் வாக்கு என்பது பக்கத்து வீட்டார் பேச்சைப் போன்றதன்று.

வீடு திரும்பியதும் திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியதுதான். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்து தந்து கவனிப்பவர். நான்காமவருக்கும் அவர் இடம் தந்திருக்கிறார். அது மருத்துவரின் இடம் அன்று. நான் செய்த பிழை அதுவே. உடனிருக்க வேண்டியவள் இரண்டாமவரின் நாற்காலியில் அமர்ந்துவிட்டேன்.

அப்படியானால் நாம் எதையும் சொல்லக்கூடாதா? அப்படி நான் நினைக்கவில்லை. எந்த மருத்துவர் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கிறார், எந்த இடத்தில் தமிழ் பேசும் தாதியர் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு, சிறப்பு மருத்துவரிடம் போகப் பரிந்துரைக் கடிதத்தை எங்கே கேட்டுப் பெறுவது, அன்றைய செலவு எவ்வளவு ஆனது? இவற்றையெல்லாம் போய் வந்தவரே நன்கு சொல்ல முடியும். ஒருவர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்பதை மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். சிறப்பு மருத்துவர்களுக்கென 2006இல் தொடங்கப்பட்ட தேசியப் பதிவேடும் உண்டு. இவற்றைத் தேடித் தரவும் நம்மால் இயலும். ஆனால் மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து என்பது நம் வேலையன்று. "எனக்குச் சரியாயிற்று" என்பது என் உடம்பைப் பற்றிய செய்தி மட்டுமே.

அக்காவின் அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு நானும் உடன் சென்றேன். முதல் நாள் இருவரும் அமர்ந்து ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதினோம். மாத்திரை வயிற்றைப் புரட்டினால் என்ன செய்வது? மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு எவ்வளவு இருக்கிறது? காலையும் கண்ணையும் எப்போது பரிசோதிக்க வேண்டும்? நான் மலாய்மொழியில் எழுதிக் கொடுத்தேன். அவரே மருத்துவரிடம் நீட்டினார். மருத்துவர் இளைஞர். தாளை முழுவதும் படித்தார். பிறகு, மெல்லக் கரைந்து வெளியாகும் வகை மெட்ஃபார்மின் இருக்கிறது, அது வயிற்றைக் குறைவாகவே தொந்தரவு செய்யும், மாற்றிப் பார்ப்போம் என்றார். மருந்தாளர் அதைச் சாப்பிடும் முறையைப் பொறுமையாக விளக்கினார்.

அக்காவின் தொல்லைக்கு வழி அந்தக் கிளினிக்கிலேயே இருந்தது. அப்படியொரு மாத்திரை இருப்பதே எனக்குத் தெரியாது.

இப்போதும் பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். தெரிந்த இடத்தைச் சொல்கிறேன். பிறகு ஒரு தாளை எடுத்து, "டாக்டரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள்? சொல்லுங்கள், எழுதுவோம்" என்கிறேன். சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. உடனடி விடையைத் தேடி வந்தவர் கையில் கேள்வித்தாளைக் கொடுத்தால் அப்படித்தானே இருக்கும்?

அக்கா மீண்டும் எங்கள் சிற்றுண்டிச்சாலைக்கு வந்துவிட்டார். செருப்பை விட்டு மூடிய காலணி அணிகிறார். காலையில் நான் தேநீர் வாங்கப் போகும்போது, "இன்னைக்கும் காலைப் பார்த்துட்டேன், டீச்சர்" என்று அவராகவே சொல்வார். ஒவ்வொரு நாளும் சொல்வார்.