நடந்ததைச் சொல்லுதல்

கோடோ என்னும் கேம் எஞ்சினின் கையேட்டில், காட்சிகளை எவ்வாறு பிரித்து அமைப்பது என்று விளக்கும் பகுதியில், வாசிப்பவர் பலரும் நின்று கவனிக்காமலே கடந்துபோகக்கூடிய ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. ஆட்டத்தின் உறுப்பாகிய ஒரு கணு (நோட்), தனக்கு நேர்ந்ததை அறிவிக்க வெளியிடும் சிக்னலுக்கு இறந்தகாலத்தில் பெயர் வைப்பதே மரபு என்பது அது. 'உள்ளே நுழைந்தது' என்றோ 'பொருள் எடுக்கப்பட்டது' என்றோ பெயர் இருக்கலாமே ஒழிய, 'கதவைத் திற' என்றோ 'மணியை அடி' என்றோ இருப்பது முறையாகாது. பார்வைக்கு வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும் இதற்குள், பெரிய நிரல்களை எழுதி அவற்றை ஆண்டுக்கணக்கில் கட்டிக் காத்தவர்கள் கஷ்டப்பட்டு அறிந்துகொண்ட ஒரு தர்மம் அடங்கியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். தனக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒவ்வோர் உறுப்புக்கும் உரிமை உண்டு; கேட்டவர் என்ன செய்யவேண்டும் என்று விதிக்க அதற்கு அதிகாரம் இல்லை.

விளையாட்டில் வீரன் ஒருவன் அடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய உயிர்பலம் குறைந்த அந்தக் கணத்தில் திரையின் மூலையிலுள்ள பட்டை சுருங்கவேண்டும். ஓர் ஓசை எழவேண்டும். பலம் பூஜ்யமாகிவிட்டால் ஆட்டம் முடிந்ததென்ற அறிவிப்பு வரவேண்டும். கோடோவில் யாவும் கணுக்களாலான ஒரு மரமாகவும், அதன் கிளைகளே காட்சிகளாகவும் இருப்பதால், புதிதாகப் பழகுகிறவர் வீரனுடைய நிரலுக்குள்ளேயே, இரண்டு படி மேலே ஏறி, வேறொரு கிளையில் இறங்கி, அங்கே உள்ள பட்டையைச் சுருக்கு என்று வழி எழுதிவிடுகிறார். அன்றைக்கு அது வேலை செய்யும். பின்னொரு நாள் பட்டையை வேறொரு சட்டத்துக்குள் நகர்த்தி வைத்தால், பட்டைக்கு ஒரு கெடுதலும் நேராமல் வீரனுடைய நிரல் முறிந்துபோகிறது. வாளெடுத்துச் சண்டையிடுவதே காரியமாக உள்ள ஒருவனுக்குத் திரையின் மூலையில் என்ன இருக்கிறதென்ற ஞானம் எதற்கு? 'பலம் மாறியது' என்று புதிய அளவோடு சேர்த்து அவன் ஒரு சிக்னல் விடுத்தால் போதும். அவனையும் பட்டையையும் தன்னுள் அடக்கியிருக்கும் மேற்காட்சி அதை உரிய இடத்தோடு இணைத்துவிடும். கேட்பவர் பலர் இருந்தாலும், ஒருவருமே இல்லாவிட்டாலும், வீரனுடைய நிரலில் ஓர் எழுத்தும் மாறாது.

இது வெளியே சொல்லவேண்டியதற்கு உள்ள வழி. தனக்கு வேண்டியதை ஓர் உறுப்பு பெற்றுக்கொள்ளும் வழிக்கு டிபெண்டென்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரை, மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய ஒரு கட்டுரை நிலைபெறச் செய்தது. கல்யாண வீட்டுக்கு வரும் சமையல்காரர் கடைவீதியைத் தேடிக்கொண்டு போவதில்லை. இன்ன இன்ன சாமான் இவ்வளவு வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுக்கிறார், வீட்டார் வாங்கி வைக்கிறார்கள், அவர் அடுப்பை மூட்டுகிறார். நல்ல உறுப்பும் அவ்வாறே தனக்கு வேண்டியது இன்னதென்று முகப்பில் அறிவித்துவிட்டு, அதைத் தேடிப் புறப்படாமல் இருக்கிறது. துரத்தி வரும் எதிரிக்கு யாரைத் துரத்துவதென்று தெரியவேண்டும். அந்த இலக்கை, எதிரியை உண்டாக்கும் காட்சியே அதன் கையில் கொடுத்துவிடுகிறது. வேண்டியது இன்னதென்ற அறிவிப்பை எழுதுவதற்குக் கோடோவில் 'எக்ஸ்போர்ட்' என்றொரு குறி இருக்கிறது; அதை இட்டால், எடிட்டரில் காலியான கட்டம் ஒன்று தோன்றி, இன்னும் நிரப்பவேண்டியது என்ன என்பதை எல்லார் கண்ணுக்கும் காட்டும்.

கொடுக்கும் நேரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் சாமான்யமானதன்று. ஒரு கிளை மரத்தில் சேரும்போது தாய்க்கணு முதலில் நுழைகிறது, பிள்ளைகள் பின்னால் வருகின்றன. 'ரெடி' என்னும் ஆயத்த நிலையோ பிள்ளைகளுக்கு முதலிலும் தாய்க்குக் கடைசியிலும் வாய்க்கிறது. ஆகவே, தாய் தன்னுடைய ரெடியில்தான் பிள்ளைக்கு வேண்டியதைக் கொடுப்பதென்று இருந்தால், பிள்ளையின் ரெடி அதற்கு முன்பே வெறுங்கையோடு நடந்து முடிந்திருக்கும். காட்சியிலிருந்து ஒரு பிரதியை உண்டாக்கி, வேண்டியதைக் கொடுத்து, அதன் பிறகே மரத்தில் சேர்ப்பது என்ற வரிசையைக் கடைப்பிடித்தால் இந்தச் சங்கடம் எழுவதில்லை.

இத்தனையும் சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிவதற்கு எஃப்6 விசையைவிட நல்ல பரீட்சையை நான் அறியேன். எஃப்5 அழுத்தினால் ஆட்டம் முழுவதும் ஓடும். எஃப்6 அழுத்தினால் திறந்திருக்கும் காட்சி மட்டும் தனியே ஓடும். அப்படித் தனியே நிறுத்தப்பட்ட வீரன், பட்டையும் எதிரியும் இல்லாத வெற்றுத் திரையில், பிழைச் செய்தி ஒன்றும் எழாமல் நடந்து குதித்து வாள் வீசுவானாகில், அவன் எந்த ஆட்டத்துக்கும் போய்ச் சேரத் தகுதி பெற்றுவிட்டான்.

ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் அர்ஜென்டினாவில் உருவாக்கிய கோடோ, 2014ஆம் ஆண்டில் எல்லாருக்கும் உரிய திறந்த மென்பொருளாக வெளிவந்தது. சிக்னல் என்ற எண்ணம் அதற்கு வெகுகாலம் முற்பட்டது. திரையமைப்புகளை எழுத உதவும் க்யூட் என்னும் மென்பொருள் தொகுதியைப் பற்றி ஜாஸ்மின் பிளான்செட்டும் மார்க் சம்மர்ஃபீல்டும் எழுதிய பாடநூலின் முன்பகுதியில் சிறு சரித்திரம் ஒன்று இருக்கிறது. பாடத்தைக் காட்டிலும் அதை நான் அதிக ஆசையோடு படித்திருக்கிறேன். ஹாவார்ட் நோர்டும் எய்ரிக் ஷாம்பே-எங்கும் நார்வே நாட்டு ட்ரொண்ட்ஹெய்மில் ஒன்றாகப் படித்தவர்கள். 1990 கோடையில், அல்ட்ராசவுண்ட் படங்களுக்கான டேட்டாபேஸ் ஒன்றை இருவரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது யூனிக்ஸ், மெக்கின்டாஷ், விண்டோஸ் ஆகிய மூன்றிலும் ஓடவேண்டியிருந்தது. ஒரு நாள் வெயில் காய வெளியே வந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஆப்ஜெக்ட் முறையிலான திரையமைப்பு ஒன்று நமக்கு வேண்டும் என்று நோர்ட் சொன்னாராம். பின்னாளில் க்யூட் ஆன அதை மறு ஆண்டு அவரே எழுதத் தொடங்கினார். 1992இல் ஷாம்பே-எங்கின் மனத்தில் சிக்னலும், அதை ஏற்கும் ஸ்லாட்டும் உதித்தன. 1994இல் இருவரும் கம்பெனி ஆரம்பித்தபோது வாடிக்கையாளர் ஒருவரும் கிடையாது. உத்தியோகத்திலிருந்த மனைவியர் இருவருமே குடும்பங்களைத் தாங்கினார்கள். 1995 மே மாதத்தில் க்யூட் வெளிவந்தது.

திரையில் தோன்றும் ஒரு பொத்தானைச் செய்கிறவனுடைய நிலைமையை எண்ணிப் பார்த்தால், இந்த யோசனை அவர்களிடம் பிறந்ததன் காரணம் விளங்கும். அந்தப் பொத்தான் வைத்தியருடைய மேஜைக்குப் போகுமா, பாங்கிக்குப் போகுமா என்று அவன் அறியமாட்டான். அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை அவன் எழுதிவைக்க முடியாது. 'அழுத்தப்பட்டேன்' என்று மட்டும் அதைச் சொல்லப் பழக்கலாம். ஆப்ஜெக்ட் முறையின் முதல் மொழியாகிய சிமுலாவை 1960களில் ஆஸ்லோவில் உருவாக்கிய டாலும் நிகோர்டும், தன்னைக் காட்டும் திரையை அறியாமலே தகவல் இருக்கவேண்டும் என்ற மாடல், வியூ, கன்ட்ரோலர் அமைப்பை 1979இல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் வகுத்த ட்ரூக்வே ரேன்ஸ்கௌகும்கூட நார்வேக்காரர்களே என்பது எனக்குத் தீராத வியப்பு.

ஆயினும் சிக்னலை எங்கும் எதற்கும் பிரயோகிப்பதை நான் ஒப்பமாட்டேன். ஒரு காரியம் நடந்தே தீரவேண்டும் என்றால், அதைச் செய்யவேண்டியவனைக் கையில் பெற்று நேரே அழைப்பதுதான் நியாயம்; யாரேனும் கேட்டுச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், கேட்பவர் இல்லாதபோது பிழைச் செய்தியும் வராது. கீழே உள்ளதை அழை, மேலே உள்ளதற்கு அறிவி என்று கோடோ பழகியவர்கள் சொல்வது இதை உத்தேசித்துத்தான். சிலர் ஆட்டத்திலுள்ள சிக்னல்கள் யாவற்றையும் ஆட்டம் தொடங்கும்போதே தானாக ஏற்றப்படும் (ஆட்டோலோடு) ஒரே பொதுக்கணுவின் வழியாகச் செலுத்துகிறார்கள். சிறு ஆட்டத்துக்கு அது சௌகரியமே. பெரிய ஆட்டத்திலோ, சொன்னவர் யார், கேட்பவர் யார் என்பதை எந்தக் காட்சியைத் திறந்து பார்த்தாலும் அறிய முடியாமற் போகிறது. வேண்டியதை முகப்பில் அறிவிக்கும் நல்ல வழக்கத்தையும் அது அழித்துவிடுகிறது.

2023 மார்ச்சில் வந்த கோடோ 4இல் எனக்கு மிகவும் பிரியமானது ஒரு மாறுதல். அதற்கு முன் சிக்னலின் பெயரையும், அதை ஏற்கும் செயலின் பெயரையும் வெறும் எழுத்துக்கோவைகளாகக் கொடுத்தே இணைக்கவேண்டியிருந்தது. இப்போது சிக்னலே எண்ணைப்போல, சொல்லைப்போல, எடுத்துக் கொடுக்கத்தக்க ஒரு மதிப்பாகிவிட்டது. ஆகையால் மேற்காட்சி, பலத்தைக் காட்டும் பட்டைக்கு வீரனைக் கொடுக்கவேண்டியதில்லை. தொடக்க அளவையும் அவனுடைய சிக்னலையும் மட்டும் கொடுத்தால் போதும். யாருடைய பலம் என்று அறியாத அந்தப் பட்டையை எதிரியின் தலைக்கு மேலும் வைக்கலாம். இடிந்துகொண்டிருக்கும் கோட்டைக் கதவுக்கும் அதுவே பொருந்தும்.