ஒரு பலகை உயரம்

செம்பரம்பாக்கம் என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி. 2015 டிசம்பருக்குப் பிறகு, மழைக்காலத்தில் டிவியின் அடியில் ஓடும் கன அடிக் கணக்கு. எங்களுக்கு அது விடிகாலை ஐந்து மணிக்கு ஹைவே ஓரம் நிற்கும் கூட்டமும்தான். ஏ ஷிஃப்டுக்கான கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகும். மதியம் அதே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிடும். காலையில் படியேறுகிற கால் வேறு, மதியம் இறங்குகிற கால் வேறு. இறங்கும்போது கைப்பிடியை விடமாட்டார்கள். முதலில் ஒரு காலை வைத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை வைப்பார்கள். சிறு வயதிலிருந்து பார்த்த காட்சி. இந்த வித்தியாசத்தைப் படிக்க ஒரு படிப்பே இருக்கிறது என்பது எனக்குத் தெரியவந்தது முப்பது வயதுக்குப் பிறகு.

நான் படித்தது மெக்கானிக்கல். இப்போது எழுதுவது மென்பொருள். கேமரா பதிவைப் பார்த்து முழங்கால் எத்தனை டிகிரி மடங்கியது, தோள் எத்தனை டிகிரி உயர்ந்தது என்று சொல்லும் மென்பொருள். இந்த வேலைக்குள் என்னை இழுத்தவள் என் பள்ளித் தோழி. பிசியோதெரபி படித்து, ஒரு கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறாள். அவர்கள் துறையில் இயக்க அறிவியல் என்று முதுகலைப் பிரிவு ஒன்று இருக்கிறது. மனித உடல் எப்படி அசைகிறது, ஏன் அப்படி அசைகிறது, அசைய முடியாதபோது என்ன செய்வது. இதைப் படிக்க நான்கு திசைகளிலிருந்து மாணவர்களைச் சேர்க்கிறார்கள்.

"டேய், வியாழக்கிழமை ஃப்ரீயா? புதுப் பசங்க வர்றாங்க. ஒரு மணி நேரம் பேசணும்."

"நான் வாத்தியார் இல்லையே. என்ன பேசறது?"

"நீ இங்க வந்த புதுசுல உனக்கு எது புரியலையோ, அதைப் பேசு."

பதினான்கு பேர் இருந்தார்கள். ஆறு பேர் பிசியோதெரபி, நான்கு பேர் மெக்கானிக்கல், மூன்று பேர் கம்ப்யூட்டர், ஒருவர் உடற்கல்வி. யாரும் சொல்லாமலே நான்கு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண வீட்டில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்காருவதுபோல.

போர்டில் 'ஸ்ட்ரெய்ன்' என்று எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். பிசியோ படித்த பெண் உடனே சொன்னாள்: "தசை அளவுக்கு மீறி இழுபட்டுக் கிழியறது சார்." மெக்கானிக்கல் பையன் திரும்பி அவளை விசித்திரமாகப் பார்த்தான். அவனுக்கு அது ஒரு பொருளின் நீளம் மாறிய அளவை, பழைய நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். அலகுகூடக் கிடையாது. ஒரே சொல். ஒருத்திக்கு அது வலி, இன்னொருவனுக்கு விகிதம். இருவரும் ஒரே ஆய்வகத்தில் இரண்டு வருடம் இந்தச் சொல்லைப் பேசி, புரிந்துவிட்டதாகத் தலையாட்டிக்கொண்டிருக்க முடியும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. வந்த புதிதில் ஒரு நோயாளியின் கை அசைவுப் பதிவைக் கொடுத்தார்கள். கோடு முழுக்கப் பல்லுப்பல்லாக இருந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் நாய்ஸ், இரைச்சல். 3 ஹெர்ட்ஸுக்கு மேலே இருந்ததை எல்லாம் வடிகட்டி, வெண்ணெய்போல் வழவழப்பாக ஒரு கோடு வரைந்து பெருமையாக அனுப்பினேன். தோழி போனில் கூப்பிட்டாள். "நோயை எங்கடா காணோம்?" பார்க்கின்சன் நோயாளி ஓய்வாக இருக்கும்போது வரும் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 முறை. நான் அழுக்கு என்று துடைத்தது அதைத்தான்.

அதனால் புதியவர்களுக்கு என் முதல் யோசனை: ஒரு நோட்டு போடுங்கள். ஒரு சொல் வரும்போதெல்லாம் அதை யார் சொன்னார்கள், அவர்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதுங்கள். 'பவர்', 'கன்ட்ரோல்', 'லோட்', 'நார்மல்'. இந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் நான்கு பக்கம் ஒதுக்கிவையுங்கள்.

அடுத்து ஒரு வீடியோ போட்டேன். என் அம்மா அரிவாள்மணையிலிருந்து எழுந்திருப்பது. மென்பொருளைச் சோதிக்க போனில் எடுத்தது. முப்பது விநாடி ஓடும். பார்த்ததை மூன்று வரியில் எழுதச் சொன்னேன். பிசியோ கூட்டம் தொடைத் தசை பலவீனம் என்று எழுதியது. மெக்கானிக்கல் கூட்டம் எடைமையம் முன்னால் போவதையும் இடுப்பு மூட்டின் திருப்புவிசையையும் எழுதியது. கம்ப்யூட்டர் கூட்டம் கண்டுபிடித்ததுதான் எனக்குப் பிடித்தது: புடவைக்குள் முழங்கால் தெரியவே இல்லை, மென்பொருள் அதன் இடத்தை ஊகித்துத்தான் புள்ளி வைக்கிறது. உண்மை. முழங்கால் வெளியே தெரிகிற உடலைப் பார்த்துப் பழகிய நிரல், எங்கள் அம்மாக்களிடம் வந்தால் குத்துமதிப்பாகச் சொல்லும். அதையும் தசம புள்ளியோடு சொல்லும்.

உடற்கல்வி படித்த தம்பி மட்டும் ஒரே வரி எழுதியிருந்தான். 'அடுப்பில் ஏதோ தீய்கிறது, அதனால் அவசரமாக எழுகிறார்.'

அதுதான் நடந்தது. வீடியோவின் ஓரத்தில் புகை தெரியும். பதிமூன்று பேர் எப்படி எழுந்தார் என்று எழுதினார்கள். ஒருவன் எதற்காக என்று எழுதினான். எழுந்து நிற்கும் திறனை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையில் சுமார் 43 செ.மீ. உயர நாற்காலி வேண்டும். முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார்கிறீர்கள் என்று எண்ணுவார்கள். நல்ல சோதனைதான். ஆனால் அம்மாவின் ஒரு நாளில் அந்த நாற்காலி எங்கே இருக்கிறது?

இந்த இடத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் திட்டமிடாத ஒன்றைச் சொன்னேன்.

இந்தத் துறை பிறந்த இடங்களில் ஒன்று ஆஸ்பத்திரி, இன்னொன்று தொழிற்சாலை. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார்கள் செங்கல் அடுக்குவதை அசைவு அசைவாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு கல்லுக்கு 18 அசைவு இருந்ததை ஐந்துக்கும் கீழே கொண்டுவந்தார். அவரும் மனைவி லில்லியனும் சேர்ந்து வளர்த்த அசைவு ஆய்வின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஒரகடம் முழுக்க ஸ்டாப்வாட்ச்சோடு நிற்கிறார்கள். நானும் நின்றேன். காலேஜ் முடித்ததும் ஒரு பாகங்கள் செய்யும் கம்பெனியில் டிரெய்னி. அசெம்பிளி லைனை வீடியோ எடுத்து, எங்கே விநாடி வீணாகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை.

ஒரு ஸ்டேஷனில் ஓர் அக்கா இருந்தார். கான்ட்ராக்ட் ஆள், எங்கள் ஊர்க்காரர், ஏரிக்கரைப் பக்கம் வீடு. ஸ்க்ரூ இருந்த டிரே அவருக்குப் பின்பக்கம் இருந்தது, திரும்பித் திரும்பி எடுப்பார். நான் அதைத் தூக்கி எதிரே, தலைக்கு மேலே இருந்த ரேக்கில் வைத்தேன். 48 விநாடி வேலை 46 ஆனது. மேனேஜர் முதுகில் தட்டினார்.

மூன்றாவது நாள் அக்கா கூப்பிட்டார். "தம்பி, டிரேவ மேல வெச்சிட்டியே, கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்ட வலிக்குதுப்பா."

"பழகிடும்க்கா" என்றேன்.

கணக்கு எனக்கு நன்றாகவே வரும். இடைவேளை போக ஷிஃப்டில் ஏழு மணி நேரம், 25,200 விநாடி. 46-ஆல் வகுத்தால் 547. மாதம் 26 நாள் என்றால் பதினான்காயிரத்துக்கு மேல். அத்தனை முறை ஒரு கை தலைக்கு மேலே போய்வரும். விநாடியை எண்ணிய நான் இதை எண்ணவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த ஸ்டேஷனில் வேறொரு பெண் நின்றாள். நான் கேட்கக்கூட இல்லை. லைனில் ஆள் மாறுவது புதிதா என்ன?

பெர்ன்ஸ்டைனைப் படித்தபோதுதான் நான் எடுத்தது என்னவென்று புரிந்தது. நிகொலாய் பெர்ன்ஸ்டைன், 1920களில் மாஸ்கோவின் மத்தியத் தொழிலாளர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தொழிலாளியின் கையிலும் சுத்தியலிலும் சின்ன பல்புகளைக் கட்டிப் படம் எடுத்தார். தேர்ந்த தொழிலாளி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வான் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. சுத்தியல் போய் விழும் இடம் ஒன்றுதான். ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் வேறு மாதிரிப் போயின. உடல் ஓர் அசைவை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக வழி தேடுகிறது. ஒரு மூட்டு அசந்தால் இன்னொன்று கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

அப்படி மாற்றிக்கொள்ள இடம் வேண்டும், நேரம் வேண்டும். அக்காவிடமிருந்து நான் எடுத்த இரண்டு விநாடி அதுதான். ஷீட்டில் அதற்கு 'வீண்' என்று பெயர். அவர் உடலுக்கு அது வேறு வழியில் கையை நீட்டிப்பார்க்கும் அவகாசம். இத்தனைக்கும் கில்பிரெத், கொத்தனார் குனியாமல் எடுக்கும்படி சாரத்தை மாற்றிக் கல்லை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தவர். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் விநாடியை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். சாரத்தை விட்டுவிட்டார்கள்.

சபை அமைதியாகிவிட்டது. தோழி பின்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சை வேறு பக்கம் திருப்ப, பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொன்னேன்.

ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனால் செங்கல்பட்டு. அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு 1940களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி.யிலிருந்து பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வந்தார். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் கையை நீட்டினார். அவர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது. செத்துப்போன கை என்று எல்லோரும் விட்டுவிட்ட கையில் இவ்வளவு பலமா? அப்படியென்றால் எல்லாத் தசையும் போகவில்லை. பிழைத்திருக்கும் தசையின் நாணை, செயலிழந்த தசையின் வேலைக்குத் திருப்பிவிடலாம். இயந்திரவியல் ஆள் யோசிக்கிற மாதிரியான யோசனை. வேலூரில் அதைச் செய்தார்கள். திருப்பிவிட்ட தசை புது வேலையைக் கற்றுக்கொள்ளப் பயிற்சி வேண்டும், அதற்கு பிசியோதெரபி. உணர்ச்சியற்ற பாதத்துக்கு ஏற்ற செருப்பு வேண்டும், அதற்குச் செருப்புத் தைப்பவர்கள். துறைகளைக் கடந்த படிப்பு என்ற பெயர் வருவதற்கு முன்பே அது வேலூரில் நடந்தது.

ஆனால் விரல் நிமிர்ந்தவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். கோணல் கைக்குப் பிச்சை விழுந்தது, நேரான கைக்கு விழவில்லை. தொழுநோய் வந்தவருக்கு வேலை தரவும் ஆளில்லை. அறுவை வெற்றி, ஆனால் வயிறு காலி. அதன் பிறகுதான் அங்கே 'நியூ லைஃப் சென்டர்' வந்தது. தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். இந்தக் கை இனி எதைச் செய்யப்போகிறது என்ற கேள்வியும் அப்போது சிகிச்சைக்குள் வந்தது. அதே சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறையையே அங்கே கட்டினார். நோயாளிக்கு என்ன வேண்டும் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு அந்த வசதி இல்லை. நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி நேரம். ஸ்ட்ரெய்னுக்கு அர்த்தம் சொன்ன பெண் கை தூக்கினாள்.

"சார், அந்த அக்காவ அப்புறம் பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறேன். நசரத்பேட்டை சந்தையில் இரண்டு வருடம் முன்பு. வலது கையில் பை, இடது கையைத் தொங்கவிட்டிருந்தார். தலைக்கு மேலே தூக்க முடியவில்லை, மகள்தான் தலை பின்னிவிடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது என் டிரேயால் வந்ததா, வயதால் வந்ததா, அடுத்த கம்பெனியில் வந்ததா என்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாது என்பது எனக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றியும் மாணவர்களிடம் சொன்னேன்.

"அவங்ககிட்ட சொன்னீங்களா சார்?"

"இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டு வாசலில் இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தார். மாவு வாங்க வந்தவன்போல் நின்று, ஆட்கள் போனதும் சொன்னேன். டிரே, இரண்டு விநாடி, பழகிடும் என்று சொன்னது, எல்லாம். அக்காவுக்கு நான் சொன்ன வார்த்தை நினைவில்லை. டிரே நினைவிருந்தது.

"அது ஆம்பள உயரத்துக்கு இருந்துச்சு தம்பி. கீழ ஒரு பலகை போட்டிருந்தா எட்டியிருப்பேன். யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல."

பலகை. பேலட் உடைந்த கட்டைகள் ஷெட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. தினமும் அதைத் தாண்டித்தான் கேன்டீனுக்குப் போவேன்.

மாவுக்குக் காசு வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். இடது கையை நீட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வலது கையால் வாங்கிக்கொண்டார். எத்தனை டிகிரியில் நின்றது என்று என் கண் தானாகக் கணக்குப் போட்டது. பிறகு கேட்டேன்.

"இந்தக் கையால இப்ப என்ன செய்யணும்னு ஆசைக்கா?"

அவர் யோசிக்கவே இல்லை. "எம் பொண்ணுக்கு நான் தலை பின்னிவிடணும்."

திங்கட்கிழமை தோழியிடம் கூட்டிப்போகிறேன். அந்தப் பெண்ணும் உடற்கல்வித் தம்பியும் கூட இருப்பார்கள். அவர்களுடைய நோட்டின் முதல் பக்கத்தில் அந்த ஒரு வரி இப்போதே எழுதப்பட்டிருக்கிறது.