மூலப் பத்திரம் கல்லில் இருக்கிறது

காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில் உள்ள சோழர் காலக் கற்றளி அது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இடம்பெறாத கோயில். நாள்தோறும் பூசை நடக்கிற கோயில். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரத்தில், அந்த ஊரின் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

"வக்கீல் தம்பி, குடமுழுக்குக்குச் சுத்தம் பண்றோம்னு கம்ப்ரஸர் வச்சு மணலை அடிக்கிறாங்க. தெற்குச் சுவத்துல எழுத்து மழுங்கிப் போச்சு. அடுத்து மேற்குச் சுவத்துக்கு வந்துடுவாங்க" என்றார்.

அவர் வெறுங்கையோடு வரவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியிலிருந்து அந்தக் கோயிலின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய திருப்பணி மதிப்பீட்டின் நகலும் இருந்தது. வழக்கின் உயிர் அந்த மதிப்பீட்டில்தான் இருந்தது. கருங்கல் சுவர்களை மணல் வீசிச் சுத்தம் செய்ய சதுர மீட்டருக்கு இவ்வளவு, விமானத்தின் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூச இவ்வளவு என்று வரிசையாகத் தொகை போட்டிருந்தார்கள். கல்வெட்டுகளைப் படமெடுக்கவோ படியெடுக்கவோ ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. ஆயிரம் ஆண்டுப் பழமையான கட்டடத்தில் கை வைக்கும் முன் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அங்கு யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட வழக்கில் வாய்தாதான் முதல் எதிரி. ஒரு வாரம் தள்ளிப்போனால், தீர்ப்பு சாதகமாக வந்தாலும் காப்பாற்றச் சுவரில் எதுவும் மிஞ்சாது. லஞ்ச் மோஷனாகக் குறிப்பிட்டு அன்று பிற்பகலே எடுத்துக்கொள்ளும்படி கேட்டேன். மணல் வீச்சுக்கு மட்டும் இடைக்காலத் தடை கிடைத்தது. சுவரைப் பார்த்து அறிக்கை தர அட்வகேட் கமிஷனர் ஒருவரும் நியமிக்கப்பட்டார்.

அந்த ஆய்வின்போது நானும் உடன் இருந்தேன். கல்வெட்டறிஞர் ஒருவர் கமிஷனருக்கு உதவினார். இருட்டும் வரை காத்திருந்து, டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். நேரே வெளிச்சம் அடித்தால் தெரியாத எழுத்துகூடப் பக்கவாட்டு ஒளியில் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். மணல் படாத மேற்குச் சுவரில் ஒவ்வொரு வரியும் அப்படியே எழுந்து வந்தது. அது ஒரு நிலக்கொடை. கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என்று நான்கையும் சொல்லி நிலத்தை அடைத்திருந்தார்கள். இன்றும் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நாங்கள் எழுதுவது இதையேதான். தெற்குச் சுவரில், நந்தா விளக்கெரிக்கச் சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு கொடுத்த செய்தி இருப்பதாக நூலில் அச்சாகியிருந்தது. அங்கே விளக்கை எந்தப் பக்கம் சாய்த்தாலும் பொத்தல் பொத்தலான கல்தான் தெரிந்தது. கடைசி மூன்று வரிகளில் ஓர் எழுத்துகூட முழுதாகத் தேறவில்லை.

கல்வெட்டு எழுத்தின் ஆழம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். வேகமாக மோதும் மணல் அழுக்கை மட்டும் பிரித்தெடுப்பதில்லை. கல்லின் மேல்தோலையும் எழுத்தின் விளிம்பையும் சேர்த்தே தின்கிறது. சொரசொரப்பான கல்லில் தூசியும் ஈரமும் முன்பைவிட நன்றாகத் தங்கும், பாசி சீக்கிரம் திரும்பும். சுத்தம் என்ற நோக்கத்துக்கே அது உதவாது.

எதிர்த்தரப்பின் வாதத்தில் ஒரு பகுதியை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். இது அருங்காட்சியகம் அன்று, வழிபாடு நடக்கும் இடம். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பு அடித்த படலமும் போகத்தான் வேண்டும், குடமுழுக்கு நடக்கத்தான் வேண்டும் என்றார்கள். என் கட்சிக்காரரான ஆசிரியரும் அந்தக் கோயிலில் தேவாரம் ஓதுகிறவர்தான். ஆனால் அவர்களின் இன்னொரு வாதத்தை விட முடியவில்லை. கல்வெட்டு ஏற்கெனவே அச்சாகிவிட்டது, மைப்படி மைசூர்க் கல்வெட்டியல் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது, எனவே இழப்பு ஒன்றுமில்லை என்றார்கள்.

இங்கேதான், 2024 வரை நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கை கொடுத்தது. எளிதில் இடம்பெயர்க்க முடியாத மூல ஆவணத்துக்கு நகலைச் சாட்சியமாகத் தரலாம் என்றது அதன் 65-ஆவது பிரிவு. சுவரைப் பெயர்த்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதால் வந்த சலுகை அது. மூலம் அங்கே நிற்கிறது, ஐயம் வந்தால் போய்ப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் தரப்படுவது. நகல் இருக்கிறது என்பதற்காக மூலத்தை அழிக்கும் உரிமையை எந்தச் சட்டமும் யாருக்கும் கொடுக்கவில்லை. அச்சிட்ட பாடத்தில் சிதைந்த இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டியிருப்பதையும் நீதிபதிகளிடம் காட்டினேன். அந்தப் புள்ளிகளை நாளைக்கு ஓர் ஆய்வாளர் நிரப்ப வேண்டுமானால் அவர் திரும்பிப் போக வேண்டிய இடம் அந்தக் கல்தான். நான் அதிக நேரம் வாதாடியது இதற்காகத்தான்.

விமானத்துச் சிமெண்டைப் பற்றி, பழைய கட்டடங்களில் வேலை செய்த பொறியாளர் ஒருவரின் அறிக்கையைத் தாக்கல் செய்தோம். சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல இறுகும். இறுகிய பிறகும் சுவரின் ஈரத்தை வெளியே விடும். கெட்டிச் சிமெண்டு அதை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய நீரில் கரைந்த உப்பு பூத்துச் செங்கல்லை மாவாக உதிர்க்கும். சில ஆண்டுகளில் சுதைச் சிற்பம் பூச்சோடு பெயர்ந்து விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் காரை குழைக்கத் தெரிந்த கொத்தனார் அந்த வட்டாரத்திலேயே இருந்தார். அவரையும் கண்டுபிடித்தவர் ஆசிரியர்தான்.

நம்மிடம் அறிவு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. அங்கிருந்த எஸ். பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சையும் வண்ணத்தையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதே கோயிலில் நாயக்கர் கால ஓவியப் படலத்தைச் சிதையாமல் உரித்தெடுத்து, அடியிலிருந்த சோழர் ஓவியத்தையும் காத்தார்கள். அந்த அறிவு ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மணல் வீச்சுக்கு நிரந்தரத் தடை கிடைத்தது. தொல்லியல் வல்லுநர் மேற்பார்வையில் நீரும் மென்தூரிகையும் கொண்டு சுத்தம் செய்யவும், எல்லாக் கல்வெட்டுகளையும் முதலில் படியெடுக்கவும், விமானத்துக்குச் சுண்ணாம்புக் காரையே பூசவும் உத்தரவானது. குடமுழுக்கு சில மாதம் தள்ளி, சிறப்பாகவே நடந்தது. தெற்குச் சுவரின் மூன்று வரிகளை எந்த உத்தரவாலும் மீட்க முடியவில்லை.

பின்னாளில், தொன்மைச் சின்னங்களின் பாதுகாப்பைப் பற்றி நாளிதழில் வந்த ஒரு கடிதத்தைப் படித்து உயர் நீதிமன்றம் 2015-இல் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. 2021 ஜூன் 7-இல் நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வு 75 வழிகாட்டுதல்களுடன் அதில் தீர்ப்பளித்தது. தொன்மையான கோயில்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்களுக்கு இன்று அது பெரிய பலம். ஆனாலும் யாராவது ஒருவர் நேரத்தில் வந்து சொன்னால்தான் நீதிமன்றம் தடுக்க முடியும்.

உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணிப் பலகை வைத்தால் மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மணல் வீச்சும் சிமெண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை தொடங்கும் முன்பே எழுத்துள்ள சுவர்களை எல்லாம் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகு தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.