ஆட்டம் கண்ட எண்டு

கம்பத்தில் ஜீப் பட்டறைகள் சூடுபிடிப்பது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி வழியாக வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் ஏறிப்போன வண்டிகள் அப்போதுதான் இறங்கி வரும். காய் பறிக்கும் காலத்தில் பகலில் ஒரு வண்டியைப் பட்டறையில் நிறுத்தினால் அன்றைய டிரிப் போச்சு. அதனால் பழுது பார்ப்பதெல்லாம் இரவில், வயரில் தொங்கும் பல்பு வெளிச்சத்தில்.

நான் போயிருந்தபோது முதலில் வந்து நின்றது ஒரு பழைய மஹிந்திரா கமாண்டர். ஓட்டுநர் இளவட்டம். இறங்கும்போதே, "ஸ்டியரிங்கு அலையுதுண்ணே. நேராப் பிடிச்சாலும் வண்டி அது போக்குல போகுது" என்றார். மெக்கானிக் பதில் சொல்லாமல் முன் டயரை உள்ளங்கையால் குறுக்காகத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் சொரசொரப்பு. இரண்டு சக்கரமும் ஒரே நேராக ஓடாமல் தார்ச்சாலையில் தேய்த்துக்கொண்டே வந்திருக்கின்றன.

ஜீப்பின் முன் சக்கரங்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நீளக் கம்பிதான் டைராடு. அதன் இரு நுனியிலும் இருக்கும் மூட்டு டைராடு எண்ட். பட்டறையில் வெறும் 'எண்டு'. இடுப்புக் கிண்ணத்தில் தொடையெலும்பு உருளுகிற மாதிரி, எஃகுக் கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டுக்கும் இந்தக் குண்டு வளைந்துகொடுக்கிறது. தேய்ந்தால் ஆட்டம் காணும். தேய்மானம் முற்றினால் கிண்ணத்தை விட்டுக் கழன்றே விடும். அப்புறம் ஒரு சக்கரம் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்கும், மற்றது கேட்காது. கொண்டை ஊசி வளைவில், பின்னால் நெருக்கியடித்து ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மலைச்சாலையைவிடத் தோட்டத்துக்குள் போகும் மண்பாதைதான் எண்டைத் தின்கிறது என்பது மெக்கானிக்கின் கட்சி. குண்டுக்கு மேல் கிரீஸைக் காக்கும் ரப்பர் உறை ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழையில் அதில் நகத்தளவு கிழிசல் போதும்; சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிட்டு, மணலை விட்டுச் செல்லும். "ரப்பரு கிழியறப்பவே பாத்தா ரப்பரு மாத்துற செலவுதான் சார். யாரு பாக்குறா?"

சோதிப்பதில்தான் கைத்திறன். ஓட்டுநரை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடம் வலமாகக் கொஞ்சமாக ஆட்டச் சொல்லிவிட்டு, மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்தார். ஜாக்கி போடவில்லை. சக்கரம் தரையில் பாரத்தோடு நின்றால்தான் ஆட்டம் விரலில் அடிக்குமாம். மூட்டு மூட்டாக விரல் வைத்துக்கொண்டே போனார். வலது எண்டில் எனக்கே 'டிக்'கென்று தெரிந்தது. இடதிலும் இருக்கிறது என்றார், எனக்குத் தட்டுப்படவில்லை. கழற்றியபின் அதையும் கையில் கொடுத்தார். தண்டு தொளதொளவென்று ஆடியது.

மாற்றுவது அதிக நேரம் பிடிக்கிற வேலையில்லை. காட்டர் பின்னைப் பிடுங்கி நட்டைக் கழற்றினாலும் எண்டு அசையாது. தண்டும் கூம்பு, அது உட்காரும் துளையும் கூம்பு, ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். தண்டின் தலையில் அடித்தால் மரை நசுங்கும். அதனால் துளையின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார்கள். பிடி விட்டு, 'டப்'பென்று கீழே இறங்குகிறது. பழையதைத் திருகி எடுக்கும்போது சுற்றுகளை வாய்விட்டு எண்ணினார். புதியதையும் அதே எண்ணிக்கைக்கு ஏற்றினார். ஒரு நுனியில் வலது மரை, மறுநுனியில் இடது மரை. ஆகவே பிறகு நடுக்கம்பியை மட்டும் சுழற்றி நீளத்தைக் கூட்டிக்குறைக்கலாம். யார் யோசித்த ஏற்பாடோ, கெட்டிக்காரத்தனம்.

காட்டர் பின் நுழைய நட்டின் காடியும் தண்டின் துளையும் நேராக வரவில்லை. ஓட்டுநர் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். மெக்கானிக் இன்னும் இறுக்கி நேராக்கினார். பழைய பின்னையே நீட்டியதற்கு, "தம்பி, ஒருக்கா வளைச்சது வளைச்சதுதான்" என்று தூர எறிந்துவிட்டுப் புதுப் பின் போட்டார். பிறகு சாக்பீஸ், டேப். டயர்களின் நடுவில் முன்பக்கமும் பின்பக்கமும் கோடு போட்டு இடைவெளியை அளந்து, முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக வரும்வரை கம்பியைச் சுழற்றினார். கார்களைத் தேனிக்கு, கம்ப்யூட்டர் அலைன்மென்டுக்கு அனுப்பிவிடுவாராம். ஜீப்புக்கு டேப்தான்.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் இன்னொரு கம்பியின் எண்டிலும் ஆட்டம் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் முதலாளிக்குப் போன் போட்டார். பேச்சு நீண்டது. வண்டியை நிறுத்தினால் முதலாளிக்கு வாடகை போகும், ஓட்டுநருக்குச் சம்பளம் போகும், மேலே போகிற பெண்களுக்கு அன்றைய கூலி போகும். இந்த மூன்று பேரில் அந்த எண்டை நம்பிப் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களை மட்டும் யாரும் கேட்பதில்லை. எண்டு தேய்வதற்கு மழையும் மண்ணும் காரணம். தேய்ந்தது தெரிந்தும் ஓடுவதற்கு இந்தக் கணக்குதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. மெக்கானிக் போனை வாங்கி, "அதுக்கு மேல ஒரு நாள் ஓட்டுனீங்கன்னா எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஓட்டுநர் கிளம்பும்போது பத்தரை மணி. காலை நாலரைக்கு க.புதுப்பட்டியில் முதல் ஆளை ஏற்ற வேண்டுமாம்.