புனோம் பென்னில் ஓர் இராச் சாப்பாடு

கம்போடியாவில் ஒருவரை ஒருவர் கண்டால் முதலில் கேட்பது "சோறு சாப்பிட்டாச்சா?" என்பதுதான். 'ஞாம் பாய்' என்றால் சோறு உண்பது. எந்த நேரச் சாப்பாட்டுக்கும் அதே சொல்தான். முதல் தடவை இதைக் கேட்டபோது ஊரில் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் யாரோ என்னைக் கேட்டதுபோல் இருந்தது.

பெண்கள் அமைப்புகளுக்கான செயலமர்வுகளுக்காக 2017 இலிருந்து மூன்று தடவைகள் புனோம் பென் நகருக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கடைசி இரவு நாங்கள் போவது ஒரே சாப்பாட்டுக் கடைக்குத்தான். அது தொன்லே சாப் ஆற்றங்கரை வீதியில், மாடியில் இருக்கும் சிறிய கடை. மேசையில் இருந்தபடியே ஆற்றைப் பார்க்கலாம். அது ஓர் அதிசய ஆறு. மழைக்காலத்தில் மீகொங் ஆறு பெருகி வரும்போது இந்த ஆறு திசை மாறிப் பின்னோக்கி ஓடி, பெரிய ஏரியை நிரப்புகிறது. மழை ஓய்ந்ததும் திரும்பவும் கடலை நோக்கி ஓடுகிறது. அந்த ஏரி தரும் மீனில்தான் நாடே சாப்பிடுகிறது.

நான் சொல்லப்போவது 2019 நவம்பரில் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி. நேபாளத் தோழி, பிலிப்பைன்ஸ் தோழி, கம்போடியத் தோழி, நான் என நால்வர். அன்று கம்போடியத் தோழி தன் அம்மாவையும் கூட்டிவந்திருந்தாள். அம்மாவுக்கு அறுபது வயது.

"இன்றைக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது" என்று சொல்லித்தான் தொடங்கினோம். முதலில் அமோக் வந்தது. எலுமிச்சைப் புல், மஞ்சள், உள்ளி, அரத்தை எல்லாவற்றையும் அரைத்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் மீனோடு கலந்து, வாழையிலைக் கிண்ணத்தில் வைத்து ஆவியில் அவிப்பார்கள். அடியில் நுணா இலை போடுவதும் உண்டு. கரண்டியால் தொட்டாலே குழைந்துவிடும். பிறகு நண்டு. கம்போட் மாகாணத்துப் பச்சை மிளகைக் கொத்துக் கொத்தாகப் போட்டுப் பிரட்டியிருந்தார்கள். மிளகைக் கடித்தால் முதலில் வாசம், பிறகுதான் உறைப்பு. உள்ளி போட்டு வதக்கிய கங்குன் கீரையும், புளி விட்ட மீன் சாறும் வந்தன. 'பிரஹொக்' என்னும் புளிக்கவைத்த மீன் களியும் ஒரு சிறு தட்டில் வந்தது. அதன் மணத்துக்கு நேபாளத் தோழி மூக்கைப் பொத்தினாள். கருவாட்டோடு வளர்ந்த எனக்கு அது வாயூற வைத்தது.

நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு வழமையான அந்தக் குற்ற உணர்வு வந்தது. 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு, நிறைந்த கோப்பையைக் கண்டால் என் கை ஒரு கணம் நின்றுவிடும். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற எல்லோரும் இன்று இல்லை.

அம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். அமோக்கில் பெரிய மீன் துண்டை எடுத்து என் கோப்பையில் வைத்தார். மகளிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவள் மொழிபெயர்த்தாள்.

1975 ஏப்ரல் 17 இல் கெமர் ரூஜ் படை இந்த நகருக்குள் வந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. சில நாட்களுக்குள் நகரத்துச் சனம் முழுவதையும் வயல்களுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். பிறகு வீட்டில் அடுப்பு மூட்டுவதும் குற்றமாயிற்று. பானை சட்டியெல்லாம் பொதுச் சமையலுக்கென்று பறித்தார்கள். விளைந்த நெல் எங்கோ போனது. விதைத்தவர்களுக்கு அரிசி மிதக்கும் தண்ணீர்க் கஞ்சிதான். 1979 ஜனவரி வரை நீடித்த அந்த ஆட்சியில் 15 முதல் 20 இலட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் அம்மாவின் இரண்டு தங்கைகளும் அடக்கம்.

"முதல் சில வருடங்கள் நானும் இப்படித்தான், கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்" என்றார் அம்மா. "பிறகு நினைத்தேன், நான் பட்டினி கிடந்தால் அவர்களுக்குப் பசி ஆறுமா? நன்றாகச் சாப்பிடு பிள்ளை."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நண்டில் எந்தப் பகுதியில் சதை அதிகம் என்று எனக்குக் காட்டித் தந்தார்.

கடைசியில் வந்தது பூசணிக்காய் இனிப்பு. முழுப் பூசணியைக் குடைந்து, முட்டை, தேங்காய்ப்பால், பனஞ்சீனி கலந்து ஊற்றி அவித்து, துண்டாக வெட்டித் தருவார்கள். எங்கள் வட்டிலப்பத்தின் தங்கை என்று சொல்லலாம். கம்போடியாவின் தேசிய மரம் பனைதான். வயல் நடுவே வரிசையாகப் பனை நிற்பதைப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் வழியோ என்று தோன்றும். பனங்கட்டி வாசம் நாக்கில் பட்டதும் என் ஆச்சியின் குசினி ஞாபகம் வந்தது.

எழும்பும் நேரம் சட்டியில் சோறு மிஞ்சியிருந்தது. அதைக் கட்டித் தரச் சொன்னேன். "நாளை விடிய விமானத்துக்குப் போகிறவளுக்குச் சோறு எதற்கு?" என்று தோழிகள் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடைப் பிள்ளையைக் கூப்பிட்டு, தானே பக்கத்தில் நின்று ஒரு பருக்கை விடாமல் கட்டுவித்து என் கையில் தந்தார்.

விடுதியில் அந்தச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். விடிய உப்பும் ஒரு வாழைப்பழமும் சேர்த்துப் பிசைந்து பழஞ்சோறாகச் சாப்பிட்டேன். கை நிற்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் விமான நிலையத்துக்குப் புறப்பட்டேன்.