பூநாரையும் வெண்டிக்காயும்

மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. பளபளக்கும் அட்டை. அதில் அன்னாசி, தென்னை, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பூநாரை. "எனக்கும் இப்பிடி ட்ரொப்பிக்கல் கார்ட்தான் வேணும்" என்றாள் மகள். ட்ரொப்பிக்கல் என்பது கடல் கடந்த ஏதோ ஒரு தேசம் என்று அவள் எண்ணம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருப்பதே அயன வலயத்தில்தான், பூநாரைகள் மாரியில் மன்னார்ப் பக்கம் வருகின்றன என்றேன். நம்பவில்லை.

கடையில் அட்டை ஒன்று 150 ரூபா. 26 பிள்ளைகளுக்கு 3900 ரூபா. வீட்டிலேயே செய்வதென்று முடிவாயிற்று.

2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருபக்கம் வெள்ளையாக உள்ள எந்தத் தாளையும் எறிவதில்லை. பழைய கலண்டர் தாள்களைப் படம் உள்ளே போக இரண்டாக மடித்து ஒட்டினோம். நல்ல தடிப்பான அட்டை கிடைத்தது.

வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, வர்ணத்தில் தொட்டு அமர்த்தினால் ஐந்து இதழ்ப் பூ விழும். வெட்டியதும் துணியில் ஒற்றி வழுவழுப்பை எடுத்துவிட வேண்டும். வாழை மடலின் வெட்டுமுகம் வலைக்கண் போட்ட பிறையாக வரும். செவ்வரத்தை இலைக்கு நரம்பு எழும்பிய அடிப்பக்கத்தில்தான் வர்ணம் பூச வேண்டும். தண்ணீர் கூடினால் எல்லாம் அப்பிவிடும். எங்கள் முதல் நாலு அட்டைகளும் அப்படித்தான் போயின. ஓரத்துக்குச் சாயமிட்ட பனங்குருத்தோலைக் கீலங்கள். நான் வேலைக்குப் போகும் கிராமத்தில் பெட்டி இழைக்கும் ஓர் அம்மாவிடம் விலைக்கு வாங்கினேன். "பிள்ளை, ஈரத்துணியாலை துடைச்சுப்போட்டு மடியுங்கோ, இல்லாட்டி வெடிக்கும்" என்று சொல்லித் தந்தார்.

வேலை இனித்தது. உள்ளே என்ன எழுதுவதென்பதில்தான் சிக்கல்.

அதே வகுப்பில் ஒரு பிள்ளை. தாய் தோட்டக் கூலிக்குப் போகிறவர். எந்தப் பிறந்தநாள் வந்தாலும் அன்று அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி. ஒருநாள் அந்தத் தாய் தானாகவே என்னிடம் சொன்னார்: "ஒரு மாசத்திலை மூண்டு கார்ட் வந்தது மிஸ். நான் அரிசி வாளிக்குள்ளை ஒளிச்சு வைச்சிட்டன்."

மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கொடை பற்றிய கட்டுரையைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். கொடுப்பது, ஏற்பது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே கடமை என்கிறார். அதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவள் நான். அந்தக் கடமை ஒரு வீட்டின் அரிசி வாளிக்குள் கிடக்கும் என்று அப்போது தெரியவில்லை.

"பரிசு வேண்டாம் எண்டு போடட்டோ?" என்று அவரிடமே கேட்டேன். சிரித்தார். "எல்லாரும் அப்பிடித்தான் போடினம். பிறகு எல்லாரும் கொண்டுதான் வருவினம். வெறுங்கையோடை நிக்கிறது என்ரை பிள்ளை மட்டும்தானே."

யோசித்துப் பார்த்து இப்படி எழுதினோம்: "உங்கள் வீட்டிலோ வழியிலோ கிடைக்கும் ஓர் இலை கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய படம் அச்சிடுவோம். வேறு எதுவும் வேண்டாம்." மகள் அழுதாள். "இலை கேட்டால் எல்லாரும் சிரிப்பினம் அம்மா." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்து ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பூநாரை வரைந்தாள். அவை அநேகமாகக் கொக்குப் போலத்தான் இருந்தன.

அன்று ஏழெட்டுப் பேர் பரிசும் கொண்டுவந்தார்கள். வாங்கி, பிரிக்காமல் அறைக்குள் வைத்தேன். பெற்றோரில் ஒருவர் முகம் சுளித்தது தெரிந்தது, இருக்கட்டும். கறிவேப்பிலை, கொய்யா, குரோட்டன், ஒரு பலாவிலை என்று விறாந்தை நிறைந்தது. அந்தப் பிள்ளையும் வந்தாள், கை நிறையப் பூவரசம் இலையோடு. அச்சிடுவதற்கு ஒன்றை எடுத்து நீட்டினாள். மற்றதைச் சுருட்டி, நுனியை நசுக்கி, ஊதினாள். பீப்பீ!

அவ்வளவுதான். நான் விரித்து வைத்த பெரிய தாளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் சுருட்டக் காட்டிக் கொடுப்பதற்கு அவளுக்கு நேரம் போதவில்லை. கேக் வெட்டும்போது பாட்டுப் பாட ஒரு வாயும் சும்மா இருக்கவில்லை.